மொட்டையடித்துக்கொண்ட பத்திரிகையாளர்: நாவலாசிரியர் கௌர் கிஷோர் கோஷ்

நியூ கடியாவிலிருந்து நம் நியூ டவுன் வழியாக விமான நிலையம் வரை திட்டமிடப்பட்ட ஆரஞ்சு வழித்தட மெட்ரோவின் நிலையப் பெயர்களை வாசக அன்பர்கள் ஒருமுறை வரிசையாகப் படித்துப் பார்க்க வேண்டும். கவிஞர் சுபாஷ் முகோபாத்யாய், சத்யஜித் ராய், சிறுகதையாசிரியர் ஜ்யோதிரிந்திர நந்தி, இளம் வயதிலேயே மறைந்த கவி சுகாந்தா, பாடகர் ஹேமந்த குமார், திரைப்பட இயக்குநர் ரித்விக் கட்டக் என்று வங்காளிகள் தங்கள் கலைஞர்களைத் தூணுக்குத் தூண் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் இத்தனை நிலையங்களுக்கு எழுத்தாளர் பெயர் வைக்க எத்தனை ஆண்டு ஆகுமோ!

இந்த வரிசையில் பத்திரிகையாளர்கள் இருவர் உண்டு. சயன்ஸ் சிட்டி அருகே உள்ள நிலையம் பருண் சென்குப்தா. 1984இல் 'பர்த்தமான்' நாளிதழைத் தொடங்கியவர் அவர். அடுத்தது பெலேகாட்டா. அதற்கும் அடுத்ததாக, சிங்கிரிகாட்டா சந்திப்பில் இருப்பது கௌர் கிஷோர் கோஷ்.

2024 மார்ச் 6இல் இந்தத் தடத்தின் முதல் பகுதி திறக்கப்பட்டது. 2025 ஆகஸ்ட் 22இல் ரயில் பெலேகாட்டா வரை வந்தது. அதற்கப்பால் சிங்கிரிகாட்டாவில் 366 மீட்டர் நீளத்துக்குப் பாலம் இணையாமல் பல மாதங்கள் நின்றது. வாகனப் போக்குவரத்தை நிறுத்தி வேலை செய்ய அனுமதி கிடைக்கவில்லை என்பதே காரணம். தண்டவாளத்தோடும் காங்கிரீட்டோடும் முப்பத்தைந்து வருடம் குப்பை கொட்டியவன் என்பதால், எங்கள் குடியிருப்பு இளைஞர்கள் இதைப் பற்றி என்னிடம்தான் கேட்பார்கள். பாலத்தைப் பற்றிக் கேட்டதோடு நில்லாமல் ஒரு பையன், "யார் சார் இந்தக் கௌர் கிஷோர் கோஷ்? சுதந்திரப் போராட்டத் தியாகியா?" என்று கேட்டான். அவன் கேள்விக்குப் பதில்தான் இந்தக் கட்டுரை.

கௌர் கிஷோர் கோஷ் 1923 ஜூன் மாதம், பிரிக்கப்படாத வங்காளத்தின் ஜெஸ்ஸோர் மாவட்டத்தில் ஹாட் கோபால்பூர் என்ற கிராமத்தில் பிறந்தார். அந்தப் பகுதி இன்று வங்காளதேசத்தில் இருக்கிறது. படித்தது நவத்வீபத்தில். குடும்பத்தில் வசதி இல்லை. இண்டர்மீடியட்டோடு படிப்பு நின்றது. 1941 முதல் 1953 வரை சுமார் பன்னிரண்டு ஆண்டுகள் அவர் பார்த்த வேலைகளின் பட்டியல் நம்மைத் திகைக்க வைக்கும். வீட்டு டியூஷன் வாத்தியார், எலக்ட்ரீஷியன், ஃபிட்டர், கப்பல் தொழிலாளி, ஓட்டல் சர்வர், தொழிற்சங்க அமைப்பாளர், பள்ளி ஆசிரியர், ஊர் ஊராகச் செல்லும் நடனக் குழுவின் மானேஜர், எல்லைச் சுங்கச் சாவடியில் குமாஸ்தா! டிப்ளமா முடித்து ஒரே இலாகாவில் சேர்ந்து, அதே இலாகாவில் ஓய்வு பெற்ற என் போன்றவனுக்கு இதைப் படித்தாலே மூச்சு வாங்குகிறது.

பின்னாளில் இந்த அலைச்சல்தான் அவருக்குக் கைகொடுத்தது என்று நான் நினைக்கிறேன். ஃபிட்டர் எப்படிப் பேசுவான், சர்வர் முதலாளியைப் பற்றி முதுகுக்குப் பின்னால் என்ன சொல்வான் என்பதெல்லாம் கல்லூரிப் படிப்பில் வருவதில்லை.

பத்திரிகைக்குள் அவர் நுழைந்தது பின்வாசல் வழியாக. 'சத்யயுக்' என்ற நாளிதழில் புரூஃப் திருத்துபவராகச் சேர்ந்தார். பிழை திருத்தியவரிடம் சிறப்புப் பகுதிகளின் பொறுப்பே ஒப்படைக்கப்பட்டது. அங்கிருந்து 'ஆனந்த பஜார் பத்திரிகா'வுக்கு வந்தார். அதன் இலக்கிய வார இதழான 'தேஷ்' பத்திரிகையில் 'ரூபதர்ஷி' என்ற புனைபெயரில் அவர் எழுதிய பகுதிகள் வங்காளி வீடுகளில் பிரசித்தம். கல்கத்தாவின் நடைபாதை மனிதர்களைப் பற்றிய சித்திரங்கள், அரசியல்வாதிகளைக் குத்தும் நையாண்டி எல்லாம் அதில் இருந்தன. அளந்து விடுவதில் மன்னரான 'பிரஜதா' என்ற ஒரு பாத்திரத்தையும் படைத்தார். அந்தக் கதைகளுக்கு 'குல்ப' என்று பெயர். வங்காளியில் 'கல்ப' என்றால் கதை, 'குல்' என்றால் புளுகு. இரண்டையும் சேர்த்து ஒரு புதுச் சொல். தமிழில் 'கப்சாக் கதை' எனலாம். 1979இல் 'பிரஜபுலி' என்று படமாகவும் வந்தது. உத்தம் குமார் நடித்தார்.

செய்தியறையிலிருந்து நாவலுக்கு வந்தவர்கள் உலகெங்கும் உண்டு. அமெரிக்காவின் ஹெமிங்வே 1917இல் 'கான்சாஸ் சிட்டி ஸ்டார்' நாளிதழில் நிருபராகத் தொடங்கியவர். சுருக்கமாக எழுது என்று அந்தப் பத்திரிகை விதித்திருந்த விதிமுறைகளே தமக்குக் கிடைத்த நல்ல பாடம் என்று பின்னர் சொன்னவர். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. நம் கல்கி அவர்களே திரு.வி.க.வின் 'நவசக்தி'யில் பணியாற்றி, 'ஆனந்த விகடன்' வளர உழைத்து, 1941இல் சொந்தப் பத்திரிகை கண்டவர். சிறைக்கும் சென்றவர். ஆனால் கல்கி சிறை சென்றது வெள்ளைக்காரன் ஆட்சியில். கோஷ் சிறை சென்றது நம் சொந்த ஆட்சியில். இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படிக்கவும்.

நான் அவர் பெயரை முதலில் அறிந்தது ஒரு சினிமாவால். வடவங்கத்தில் வேலை பார்த்த நாட்களில் ரயில்வே இன்ஸ்டிடியூட்டில் திரை கட்டி 'சகீனா' என்ற இந்திப் படம் போட்டார்கள். திலீப் குமார், சாயிரா பானு நடித்தது. தபன் சின்ஹா இதை முதலில் 1970இல் 'சகீனா மஹாதோ' என்று வங்காளியில் எடுத்து, 1974இல் இந்தியிலும் எடுத்தார். மூலக்கதை கௌர் கிஷோர் கோஷுடையது. 1942-43இல் நடந்த ஒரு தொழிலாளர் இயக்கத்தை அடிப்படையாகக் கொண்டது. மலைப்பகுதியில் வெள்ளைக்கார முதலாளிகளை எதிர்த்து நிற்கும் படிக்காத தொழிலாளி சகீனா. நகரத்திலிருந்து வரும் கட்சிக்காரர்கள் அவனைத் தலைவனாக்குகிறார்கள். அவனுக்கு நலத்துறை அதிகாரி பதவி கிடைக்கிறது. சட்டை மாறுகிறது, கூட வேலை பார்த்தவர்கள் விலகிப் போகிறார்கள். கடைசியில் அவனையே துரோகி என்று விசாரணைக்கு நிறுத்துகிறார்கள். இடைவேளையில் டீ குடிக்க வந்த கேங்மேன்கள் ஒருவரோடு ஒருவர் பேசாமல் நின்றது எனக்கு நினைவிருக்கிறது. எங்கள் யூனியன் ஆபீஸும் அதே கட்டடத்தில்தான் இருந்தது!

அந்த வங்காளிப் படம் வெளிவந்த 1970ஆம் ஆண்டை எண்ணிப் பாருங்கள். கல்கத்தா தெருக்களில் நக்ஸலைட் இயக்கம் உச்சத்தில் இருந்த காலம். சிலைகளின் தலைகள் உருண்டன. போலீஸாரும் கொல்லப்பட்டனர், பிள்ளைகளும் கொல்லப்பட்டனர். கோஷ் தம் 'ரூபதர்ஷி' பகுதியில் இந்த வன்முறையைக் கூரான நையாண்டியோடு எழுதி வந்தார். மிரட்டல் வந்தும் நிறுத்தவில்லை. இளைஞர்களைக் கொல்லும் அரசாங்கத்தையும் விடவில்லை. அவர் எம்.என். ராயின் மனிதநேயக் கொள்கையில் ஊறியவர். எந்தக் கட்சிக் கொடிக்கும் கீழே நிற்காதவர். ஆகவே எல்லோருக்கும் கோபம்.

துக்கம் காத்த எழுத்தாளர்

1975 ஜூன் 25 இரவு அவசரநிலை பிறப்பிக்கப்பட்டது. பத்திரிகைகளுக்குத் தணிக்கை வந்தது. தமிழ்நாட்டில் அப்போது நான் பள்ளி மாணவன். 'துக்ளக்' கறுப்பு அட்டையோடு வந்ததைப் பெரியவர்கள் ரகசியம் போலக் கைமாற்றிக்கொண்டது நினைவிருக்கிறது. இங்கே கல்கத்தாவில் கோஷ் செய்த காரியம் வேறு விதம். அவர் தலையை மொட்டையடித்துக்கொண்டார்.

தமிழ்நாட்டில் ஒருவர் மொட்டைத் தலையோடு ஆபீஸுக்கு வந்தால், "திருப்பதியா, பழனியா?" என்று சந்தோஷமாக விசாரிப்போம். வங்காளத்தில் அப்படியில்லை. இங்கே நடுவயதுக்காரர் ஒருவர் மொட்டையோடு வந்தால், தாயோ தந்தையோ போய்விட்டார் என்று பொருள். பார்த்தவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். கோஷின் வீட்டில் யாரும் சாகவில்லை. எழுதும் சுதந்திரம் இறந்துவிட்டது, அதற்குத்தான் துக்கம் காக்கிறேன் என்று தம் பதின்மூன்று வயது மகனுக்கு ஒரு கடிதமாக விளக்கி எழுதினார். ஜ்யோதிர்மய் தத்தா நடத்திய 'கல்கத்தா' என்ற சிறுபத்திரிகை அந்தக் கடிதத்தை வெளியிட்டது.

1975 அக்டோபரில் 'மிசா' சட்டத்தில் கைது செய்யப்பட்டார். விசாரணை இல்லை, தண்டனைக் காலம் இல்லை. எப்போது வெளியே வருவார் என்று வீட்டாருக்குச் சொல்லவும் யாரும் இல்லை. மகனுக்கு எழுதிய கடிதம் கைப்பிரதியாகவும் தட்டச்சுப் பிரதியாகவும் மறைவாகப் பரவியது. சிறையிலிருந்தும் இரண்டு கடிதங்களை வெளியே அனுப்பிவிட்டார். சிறையறையிலேயே அவருக்கு மாரடைப்பு வந்தது. அது அவருக்கு மூன்றாவது மாரடைப்பு. பருண் சென்குப்தாவும் அந்தக் காலத்தில் 'மிசா'வில் உள்ளே போனவர்தான். இன்று மெட்ரோ வரைபடத்தில் இருவருக்கும் நடுவே பெலேகாட்டா ஒன்றுதான் இருக்கிறது.

வீரச் செயல் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். எனக்கு அந்தக் கடிதத்தில் முக்கியமாகத் தோன்றுவது அது யாருக்கு எழுதப்பட்டது என்பதே. பிரதம மந்திரிக்கு எழுதவில்லை. பதின்மூன்று வயதுப் பையனுக்கு எழுதினார். அப்பா ஏன் மொட்டையடித்திருக்கிறார் என்று மறுநாள் பள்ளிக்கூடத்தில் கேட்டால் அந்தப் பிள்ளை ஏதாவது பதில் சொல்லியாக வேண்டும் அல்லவா? பெரிய அரசியலைப் பிள்ளைக்குப் புரியும்படி சொல்லத் தெரிந்த அந்தக் கைதான் நாவலையும் எழுதியது.

அவசரநிலை 1977 மார்ச்சில் முடிந்தது. 1981இல் 'ஆஜ்கால்' என்ற புதிய நாளிதழ் தொடங்கப்பட்டபோது அதன் முதல் ஆசிரியராக இருந்தார். அதே ஆண்டு பிலிப்பைன்ஸ் நாட்டின் மக்ஸேஸே விருது, பத்திரிகைத்துறை மற்றும் இலக்கியத்துக்காக அவருக்குக் கிடைத்தது. எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மையார் 1974இல் பொதுச் சேவைக்காகப் பெற்ற அதே விருது என்றால் நம்மவர்களுக்கு எளிதில் விளங்கும். பின்னர் மீண்டும் ஆனந்த பஜாருக்கே திரும்பினார். 1989 பாகல்பூர் கலவரத்துக்குப் பிறகு, உடல்நிலை சரியில்லாதபோதும் அங்கே அமைதிப் பணிக்குப் போனார். 2000 டிசம்பர் 15இல் காலமானார்.

மூன்று நாவல்கள்

அவர் எழுதியவற்றுள் நிற்கப்போவது எது என்று கேட்டால், செய்திப் பத்திகளை விட்டுவிட்டு நான் மூன்று நாவல்களைத்தான் சொல்வேன். 'ஜல் படே பாத்தா நடே' 1960களின் தொடக்கத்தில் வந்தது. 'ப்ரேம் நேயி' இருபது ஆண்டுகள் கழித்து வந்து, 1982இல் பங்கிம் விருது பெற்றது. மூன்றாவதான 'ப்ரதிபேஷி' 1990களில் வெளியானது. மூன்றும் சேர்ந்து 1922 முதல் 1946 வரையிலான வங்காளக் கிராம வாழ்க்கையைச் சொல்கின்றன. ஒத்துழையாமை இயக்கம் அடங்கிய வருடத்தில் தொடங்கி, கல்கத்தாவில் ஆயிரக்கணக்கானோர் வெட்டிச் சாய்க்கப்பட்ட வருடத்தில் முடிகிறது. நடுவே சித்தரஞ்சன் தாஸ் செய்த இந்து முஸ்லிம் ஒப்பந்தம், பஸ்லுல் ஹக்கின் மந்திரிசபை, 1943 பஞ்சம் எல்லாம் நடந்த காலம் அது.

பத்திரிகைக்காரர் ஒருவர் இதை எழுதினால் தலைவர்களின் பேச்சுவார்த்தையை எழுதுவார் என்று எதிர்பார்ப்போம். கோஷ் சமையலறைக்கும் வயலுக்கும் படகுத்துறைக்கும் போகிறார். இந்து வீட்டையும் முஸ்லிம் வீட்டையும் உள்ளிருந்து எழுதுகிறார். குறிப்பாக 'ப்ரேம் நேயி' முஸ்லிம் குடும்ப வாழ்க்கையை, அந்த வீட்டுப் பெண்களின் மனத்தை, அவர்களுடைய பேச்சு மொழியிலேயே சொல்கிறது. இந்து எழுத்தாளர்கள் அதுவரை அவ்வளவாக எட்டிப் பார்க்காத வீடு அது. தலைப்புக்கு 'அன்பு இல்லை' என்று பொருள். 'ப்ரதிபேஷி' என்றால் பக்கத்து வீட்டுக்காரர். தலைமுறை தலைமுறையாக ஒரே குளத்தில் குளித்தவர்கள் ஒருவரைப் பற்றி ஒருவர் எவ்வளவு குறைவாக அறிந்திருந்தார்கள் என்பதுதான் கதை. பத்திரிகைப் பத்தியில் இதைச் சொல்ல இடம் போதாது. கலவரம் நடந்த பிறகுதான் நிருபர் போய்ச் சேர்கிறார். கலவரத்துக்கு இருபத்து நான்கு ஆண்டுகள் முன்பே போய் உட்கார நாவலால்தான் முடியும்.

இதெல்லாம் பழங்கதை என்று தள்ளிவிட முடியாமல் ஒரு சம்பவம் நடந்தது. சென்ற ஆண்டு கீழக்கரையைச் சேர்ந்த ஒரு குடும்பம் சால்ட் லேக் செக்டார் ஐந்தில் வேலை கிடைத்து இங்கே வந்தது. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். எங்கள் பக்கத்துக் கட்டடத்தில் ஒரு ஃபிளாட் காலியாக இருந்தது. அந்தத் தம்பிக்கு வங்காளி தெரியாததால் நான்தான் பேசினேன். வாடகை முடிந்தது, அட்வான்ஸ் முடிந்தது, சாவி எந்த நாள் என்பதும் முடிந்தது. ஆதார் நகல் கொடுத்த பின்பு வீட்டுக்காரர் எனக்குப் போன் செய்தார்.

"தாதா, நீங்கள் மதராஸி குடும்பம் என்றுதானே சொன்னீர்கள்?"

"மதராஸிதான். என்னைவிட நல்ல தமிழ் பேசுகிறவர்கள்."

"அது சரி. ஆனால் மற்ற ஃபிளாட்காரர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்."

அந்த மற்ற ஃபிளாட்காரர்களில் நம் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. அவர்களில் யாரையும் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்பதை அவரவர் யோசித்துக்கொள்ள வேண்டியதுதான். நம் நியூ டவுனே ராஜார்ஹாட்டின் வயல்களின் மேல் எழுந்தது. அந்த வயல்களை உழுதவர்களில் முஸ்லிம்கள் ஏராளம். கட்டடம் கட்டக் கல் சுமந்தவர்களிலும், காலையில் வீட்டு வேலைக்கு வருகிறவர்களிலும் அவர்கள் இருக்கிறார்கள். வாடகைக்கு வர மட்டும் கூடாதாம். அந்தக் குடும்பம் இரண்டு கிலோமீட்டர் தள்ளி வேறொரு வீடு பார்த்துக் குடியேறியது. பிள்ளைகள் ஞாயிறுதோறும் நம் தமிழ் வகுப்புக்கு வருகிறார்கள்.

அன்று போனை வைத்த பிறகுதான் கல்லூரித் தெருவில் எப்போதோ வாங்கி அலமாரியில் வைத்திருந்த 'ப்ரேம் நேயி'யை எடுத்து முழுவதும் படித்தேன். எனக்குத் தெரிந்த வங்காளி, சைட்டில் கேட்டும் ஆனந்த பஜார் தலைப்புகளை எழுத்துக் கூட்டியும் கற்றது. முதல் ஐம்பது பக்கம் மெதுவாகத்தான் போயிற்று. நம் குழந்தைகள் பலர் பள்ளியிலேயே வங்காளி படிக்கிறார்கள். அவர்களுக்கு இவ்வளவு சிரமம் இருக்காது.

வங்காள நாவல்கள் தமிழுக்குப் புதியவை அல்ல. த.நா. குமாரசாமியும் த.நா. சேனாபதியும் தாகூரையும் மற்றவர்களையும் நம் வீட்டுத் திண்ணைக்கே கொண்டுவந்தார்கள். கல்கத்தாவிலேயே வாழ்ந்த சு. கிருஷ்ணமூர்த்தி, அதீன் பந்த்யோபாத்யாயின் 'நீலகண்டப் பறவையைத் தேடி'யை நமக்குத் தந்தார். அதுவும் கிழக்கு வங்காளத்து இந்து முஸ்லிம் கிராமத்தின் கதைதான். அவர்கள் அளவுக்கு எனக்குப் புலமை கிடையாது. ஆனாலும் 'ப்ரேம் நேயி'யின் சில பக்கங்களைத் தமிழாக்கி வகுப்புப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டலாம் என்று தொடங்கியிருக்கிறேன்.

தொடங்கிய முதல் நாளே ஒரு சொல்லில் வண்டி நின்றுவிட்டது. வங்காள இந்து, தண்ணீரை 'ஜல்' என்பார். வங்காள முஸ்லிம் 'பானி' என்பார். எந்தச் சொல் வாயில் வருகிறது என்பதை வைத்தே ஆள் இன்னார் என்று தெரிந்துவிடும். தாயின் சகோதரி அங்கே 'மாஸி', இங்கே 'காலா'. கோஷ் இந்தச் சொற்களைப் பார்த்துப் பார்த்துப் போட்டிருக்கிறார். உறவுச் சொற்களுக்குத் தமிழில் வழி உண்டு. வாப்பா, உம்மா, காக்கா, லாத்தா என்று நம் முஸ்லிம் குடும்பங்களில் புழங்குகின்றன. தண்ணீருக்கு என்ன செய்வது?

வகுப்பு முடிந்து பிள்ளைகளை அழைத்துப் போக வந்த கீழக்கரை அம்மாவிடம் கேட்டேன். "உங்கள் பக்கம் தண்ணீருக்கு வேறு சொல் ஏதாவது உண்டா அம்மா?"

அவர் சிறிது நேரம் யோசித்தார். "இல்லையே சார். நாங்களும் தண்ணின்னுதான் சொல்லுவோம்."

இரண்டு இடத்திலும் 'தண்ணி' என்றே போட்டு, பக்கத்தின் அடியில் ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன்.